வலியில்லாமல் வரும் இருள்

தையற்பொறியில் நூல் கோக்கையில் ஊசியின் காது தென்படவில்லை. எதிரே கதவுநிலை நடுவில் வளைந்து நிற்கிறது. வயதாகிவிட்டது என்று கண்ணாடிக் கடைக்குப் போகிறார் தையற்காரர். கண்ணாடி மாறுகிறது, பார்வை மாறவில்லை.

நீரிழிவுற்ற அவருக்குப் பழுது இருக்குமிடம் விழித்திரை. ஆண்டுக்கணக்கில் குருதியில் மிகுந்து நின்ற சர்க்கரை, அங்குள்ள நுண்குழல்களைத் தாங்கிநிற்கும் உயிரணுக்களை அழிக்கிறது. குழற்சுவர் நொய்ந்து ஆங்காங்கே புடைக்கிறது. நீரும் கொழுப்பும் கசிகின்றன. உயிர்வளி போதாத விழித்திரை மிகுதியாகச் சுரக்கும் ஒரு புரதம் அக்கசிவை மேலும் பெருக்குகிறது. எழுத்தைப் படிக்கவும் முகத்தை அறியவும் நமக்கு வாய்த்தது ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் அகலமுள்ள மாக்குலா என்னும் நடுப்பகுதியே. அதன் மையம் நீர்கோத்து வீங்கும்போதுதான் பார்வை மங்குகிறது. அதுவரை வலி இல்லை, சிவப்பு இல்லை, உறுத்தல் இல்லை. நன்றாகத் தெரிகிற கண்ணை எவர் மருத்துவரிடம் காட்டுவார்?

மருத்துவம் இல்லாமல் இல்லை. அப்புரதத்தை அடக்கும் மருந்தைக் கண்ணை மரக்கச் செய்து ஊசிவழி உள்ளே செலுத்துகிறார்கள்; தொடக்கத்தில் மாதந்தோறும். வீக்கம் வடியும். ஆனால், நெடுநாள் தேங்கிய நீரில் அழிந்த உயிரணுக்கள் மீள்வதில்லை. ஆகவேதான் இரண்டாம் வகை நீரிழிவு எனத் தெரிந்த அன்றே விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்கிறது மருத்துவ நெறி. பின்னர் பொதுவாக ஆண்டுக்கொருமுறை.

இந்தியாவில் நீரிழிவுற்றோர் 10 கோடிக்கு மேல் என 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் பலர் கண் பரிசோதனைக்கு வராததை அறியாமை என்று பழிப்பது எளிது. ஆனால், அப்பரிசோதனைக்காகக் கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து கலங்கும், துணைக்கு ஆள் வேண்டும். அன்றாடங்காய்ச்சிக் குடும்பத்துக்கு அது இருவரின் ஒருநாள் கூலி. இக்கணக்கைப் போடாமல் அறிவுரை சொல்வது அறமன்று.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் அரசுத் திட்டம், சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுசென்றது. சொட்டு மருந்தின்றியே பெரும்பாலோரின் விழித்திரையைப் படமெடுக்கும் கையடக்கக் கருவிகள் இன்று உள்ளன. மாத்திரை சேரும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டில் ஒருநாள் அக்கருவியும் சேர வேண்டும். கசிவு தென்பட்டவரும் படம் தெளியாதவரும் கண் மருத்துவமனைக்குப் பயணம் போனால் போதும். ஏனையோர் அன்றைய கூலியை இழக்க வேண்டியதில்லை.