ஒரே வழியில் பாலும் தபாலும்

தா.பழூர் இ-சேவை மையத்தில் ஒரு சகோதரி வருமானச் சான்றிதழுக்கு மனுக் கொடுக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசுச் சேவைகள் பலவற்றின் கணினிகள் இருப்பது சென்னைப் பெருங்குடியில், மாநிலத் தரவு மையத்தில்.

இத்தகைய மையங்களில் வெகுகாலமாக இரண்டு வலைகள் உண்டு. கேள்வியும் பதிலும் போகும் ஈதர்நெட், தபால்காரர் மாதிரி. நெரிசலில் ஒரு கடிதம் தவறினால் மறுபடி அனுப்பிக்கொள்ளலாம். சேமிப்புப் பெட்டிகளுக்குப் போகும் ஃபைபர் சேனலோ பால்காரி! பாத்திரம் காலி என்று தெரிந்த பிறகே ஊற்றுவாள். சிந்தினால் எழுதும் வேலையே தடுமாறி, நம் சகோதரியின் மனு பாதியில் நின்றுவிடும் அல்லவா?

2009-ல் இரண்டையும் ஒரே கம்பியில் அனுப்ப விதி வகுத்தார்கள். பாத்திரம் நிறைந்தால், "பால் மட்டும் சற்று நிற்கட்டும்" என்று ஒரு சைகை. தபால் பாட்டுக்கு நடக்கும். கம்பி குறைந்தது, மின்சாரமும் மிச்சம்.

ஆனால் வலையைக் கவனிப்பவர்களும் சேமிப்பைக் கவனிப்பவர்களும் ஒரே அடுப்பில் சமைக்கும் ஓரகத்திகள் ஆனார்கள்! கம்பி அறுந்தால் இரண்டும் நிற்குமே என்று, துணைக்கு இன்னொரு கம்பியும் வைக்கிறார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.