வேலையும் வேணும், பாலாறும் வேணும்: ஏலகிரி அடிவாரத்தின் ஓட்டுக் கணக்கு

ஏலகிரி மலை அடங்கிய ஜோலார்பேட்டை தொகுதியில், 2021-ல் அப்போதைய அதிமுக அமைச்சர் கே.சி.வீரமணி தோற்றது வெறும் 1,091 ஓட்டில். ஆம்பூரில் திமுக வென்றது. பக்கத்து வாணியம்பாடியில் அதிமுக. 2026 சட்டமன்றத் தேர்தலிலும் இந்தத் தோல் தொழில் பகுதியை எந்தக் கட்சியும் தன் கோட்டை என்று நினைக்க முடியாது.

மக்களின் கவலை என்ன?

ஒன்று, வேலை. இங்குள்ள ஷூ கம்பெனிகள் ஏற்றுமதியை நம்பியவை. 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 50% ஆனது. ஆர்டர் குறைஞ்சா, கூலியும் குறையும்.

இரண்டு, தண்ணீர். தோல் கழிவால் பாலாறு கெட்டதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் இழப்பீட்டுக்கும் சீரமைப்புக்கும் மீண்டும் உத்தரவிட்டது.

சிக்கல் எங்கே?

மகள் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பார். அப்பாவின் கிணறு உப்பாகியிருக்கும். ‘கம்பெனியை மூடு’ என்றாலும், ‘கழிவைக் கண்டுக்காதே’ என்றாலும் அந்த வீட்டில் பாதி ஓட்டு போச்சு.

வேட்பாளரிடம் என்ன கேட்கலாம்?

அமெரிக்க வரியை மாநில அரசால் குறைக்க முடியாது. ஆனால், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஒழுங்கா ஓடுதான்னு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூலம் கண்காணிக்க முடியும். அதைச் செய்வீங்களா என்பதே முதல் கேள்வி.