வெறும் மணலா?

"வெள்ளாற்றில் பார்க்க என்ன ஐயா இருக்கிறது? வெறும் மணல்!" என்று சொல்லிவிட்டு, புதுக்கோட்டைக்காரர்கள் கட்டுச்சோற்றுடன் முக்கொம்புக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். கரை ததும்பினால்தான் ஆறு என்பது அவர்கள் கட்சி.

நான் ஒப்பமாட்டேன். ஒரு காலத்தில் சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லையாக இருந்த ஆறு இது. ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டதும் போய்ப் பாருங்கள். மணல் திட்டுகளைச் சுற்றிப் பல கால்களாகப் பிரிந்து, மறுபடி கூடி, சடை பின்னினாற்போல் நீர் ஓடும். கோடையில் அதே நீர் மணலுக்குள் பதுங்கிக்கொள்ளும். ஊற்றுத் தோண்டினால் கிடைக்கும். கரையோரக் கிணறுகளுக்கும் அதுதான் உயிர்.

"வெறும் மணல்" என்று நாம் அலட்சியமாகச் சொன்னதை லாரிக்காரர்கள் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்கள். மணல் போனால் ஊற்று போச்சு. ஊற்று போனால் கிணறு போச்சு. அந்த முக்கொம்பு மட்டும் தப்பியதா? 1836-ல் கட்டிய கொள்ளிடம் மேலணையில், 2018 ஆகஸ்டில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தோடு போயின. மணல் கொள்ளைதான் காரணம் என்றார்கள் விவசாயிகள்; அரசாங்கம் மறுத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோற்றை வெள்ளாற்று மணலில் பிரியுங்கள். நாலு குடும்பம் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில் லாரியை இறக்க எவனுக்கும் சற்றுக் கூசும்.