தரைக்கு அடியில் கிடந்த ஷீட்



போன லீவில் எங்கள் வீட்டுப் பழைய ரெட் ஆக்ஸைடு தரையைப் பெயர்த்து டைல்ஸ் போட்டார்கள். முதல் அறையைத் தோண்டினால் மண்ணோடு சாம்பல் நிறத்தில், அலை அலையாய், உடைந்த ஷீட் துண்டுகள்! மாட்டுக் கொட்டகைக் கூரையைப் பிரித்தபோது தாத்தாதான் குழி நிரப்பப் போட்டாராம். "ஆஸ்பெட்டாஸ்தான் தம்பி, ஒண்ணும் பண்ணாது" என்று மேஸ்திரி சம்மட்டியால் இரண்டு போடு போட்டார். சித்தாள் அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கூட்டி அள்ளினாங்க. சிவில் படிக்கிற நான் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஷீட் முழுசாய் இருக்கும்வரை சிமெண்ட் அந்த நாரை இறுக்கிப் பிடித்திருக்கும். உடைத்தால், அறுத்தால் கண்ணுக்குத் தெரியாத தூளாய்க் காற்றில் ஏறும். முந்தானையும் துண்டும் அதை நிறுத்தாது. நுரையீரலுக்குள் போன நார் கரையாமல் கிடந்து, 20, 30, ஏன் 40 வருஷம் கழித்துக்கூட மீசோதீலியோமா என்கிற புற்றுநோயாய் வரலாம். "இத்தனை வருஷம் யாருக்கு என்னாச்சு?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஆலைத் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு அல்லது வேலை முடிந்து 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கணும் என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. தினக்கூலி அக்காவுக்கு ஏது பதிவேடு?

ஷீட்டை மாட்டத் தெரிந்த நமக்குப் பிரிக்கத் தெரியவில்லை என்பது என் குற்றச்சாட்டு. நாளைக்கு சைட்டில் சூப்பர்வைசராய் நிற்கப்போவது நாம்தானே! இப்போது ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத ஷீட்டும் வருகிறது. கண்ணால் பார்த்து எது எதுவென்று சொல்ல முடியாது, லேபில் மைக்ராஸ்கோப் வேண்டும். எனவே பழசு என்றால் இருக்கிறதாகவே வைத்துக்கொள்வோம். பழைய தரை கெட்டியாக இருந்தால் பெயர்க்காமல் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடலாம். அதைவிட நல்ல வழி இல்லை. தோண்டித்தான் ஆகணும் என்றால் தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் எடுத்து, தடித்த பாலித்தீனில் இரண்டு சுற்று சுற்றிக் கட்டணும். உலர்ந்த துடைப்பம் கூடவே கூடாது. முகத்தில் இறுகப் பொருந்துகிற, நுண்தூள் ஃபில்டர் வைத்த மாஸ்க் வேணும். துணி மாஸ்க் போதாது. இன்னொரு குழியை நிரப்ப மட்டும் கொடுத்துவிடாதீர்கள். தாத்தா செய்தது அதுதான்.

இரண்டாவது அறை தரை கெட்டி என்பதால் பெயர்க்க வேண்டாம் என்று அப்பாவிடம் சண்டை போட்டு நிறுத்தினேன். முதல் அறையில் மிச்சமிருந்ததை நனைக்கச் சொன்னபோது, "சேறாயிடும் தம்பி" என்று மேஸ்திரி சிரித்தார். பிறகு அவரே ஹோஸ் பைப்பை இழுத்து வந்தார்.

— மூன்றாம் ஆண்டு, சிவில்