குறட்டைக்கு ஒரு சாட்சி வேண்டும்

குறட்டை விட்டுத் தூங்குகிறவரைப் பார்த்து, "கொடுத்துவைத்த மனுஷன், படுத்ததும் தூங்கிவிடுகிறார்" என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. சத்தம் அதிகமானால் கும்பகர்ணன் என்று கேலி. பொறாமையும் வேண்டாம், கேலியும் வேண்டாம் என்பது என் கட்சி. பலத்த குறட்டை, அதிலும் நின்று நின்று வரும் குறட்டை, மருத்துவரிடம் சொல்லவேண்டிய செய்தி.

இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரி 15 அன்று மும்பையில் காலமானார். வயது 69. 'ஸ்லீப் ஆப்னியா' என்னும் தூக்க மூச்சுத்தடை நோயே காரணம் என்று மருத்துவர்கள் சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. நம்மில் பலர் அந்தப் பெயரை முதன்முதலில் படித்தது அன்றுதான்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு 'அப்னே' என்ற சொல் வேறு விதமாகப் பழக்கம். மூச்சை அடக்கிக்கொண்டு கடலில் மூழ்குவதற்கும் பிரெஞ்சில் அதே சொல்தான். தூத்துக்குடியில் முத்துக்குளித்தவர்கள் தெரிந்தே மூச்சை அடக்கினார்கள். எப்போது மேலே வரவேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தூங்குகிறவருக்கு இந்த இரண்டுமே தெரியாது.

நடப்பது இதுதான். தூக்கத்தில் நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து மூச்சுப்பாதையை அடைக்கின்றன. பத்து விநாடியோ அதற்கு மேலோ காற்று உள்ளே போவதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை அரைகுறையாக விழித்து உசுப்ப, ஒரு பெரிய இழுப்புடன் மூச்சு திரும்புகிறது. பிறகு மறுபடி அடைப்பு. இப்படி மணிக்கு ஐந்து முதல் பதினைந்து முறை என்றால் லேசானது, முப்பதைத் தாண்டினால் கடுமையானது என்று கணக்கு. காலையில் எழுந்தவருக்கு இதில் ஒன்றும் நினைவிருக்காது. டாக்டர் கேட்டால் "நன்றாகத் தூங்கினேன்" என்றுதான் சொல்வார்.

ஆகவே இந்த நோய்க்கு ஒரு சாட்சி தேவை. திருவல்லிக்கேணியின் பழைய ஒண்டுக்குடித்தனங்களில் அதற்குப் பஞ்சமே இல்லை. முற்றத்திலும் திண்ணையிலும் மொட்டை மாடியிலும் வரிசையாகப் படுத்தவர்களுக்கு யார் மூச்சு எப்படி என்று தெரியும். இன்று அதே இடத்தில் அடுக்குமாடி. பிள்ளைகள் வெளிநாட்டில். துணையை இழந்தவர்கள் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறார்கள். கணவன் மனைவி இருவரும் இருக்கும் வீட்டிலும், சத்தம் தாங்காமல் ஒருவர் கூடத்துக்குப் போய்விடுகிறார். சாட்சி இல்லாமல் போவது அங்கேதான்.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். மாதவிலக்கு நின்ற பிறகு அவர்களுக்கும் இந்த நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. ஆனால் அவர்கள் சொல்வது "அசதியாக இருக்கிறது, சரியாகத் தூக்கமில்லை" என்பதுதான். அதை வயசு என்று தள்ளிவிடுகிறோம்.

தனியாக இருப்பவர்கள் கவனிக்க வேறு அடையாளங்கள் உண்டு: இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது, காலையில் தலைவலி, வறண்ட வாய், செய்தித்தாளை விரித்ததும் கண் சொக்குவது, மாத்திரை போட்டும் அடங்காத ரத்த அழுத்தம். சட்டைக் கழுத்து 40 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் கூடுதல் கவனம் தேவை. செல்பேசியைத் தலைமாட்டில் வைத்து ஒரு இரவு ஒலிப்பதிவு செய்து டாக்டரிடம் போட்டுக் காட்டலாம். நோயை உறுதி செய்ய, தூங்கும்போது மூச்சு, ஆக்சிஜன், இதயத்துடிப்பு ஆகியவற்றைப் பதிவு செய்யும் பரிசோதனை இருக்கிறது. பலருக்கு அதை வீட்டிலேயே செய்துவிடலாம்.

சிகிச்சை பெரும்பாலும் அறுவை அல்ல. எடையைக் குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது, மதுவை விடுவது, டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரை போடாமல் இருப்பது ஆகியவை எல்லோருக்கும் உண்டு. லேசான நோய்க்குக் கீழ்த்தாடையை முன்னால் நிறுத்தும் பல் கருவி பலருக்குப் போதும். அதற்கு மேல் போனால் 'சிபாப்': முகமூடி வழியாகச் சற்று அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைக்கும் கருவி. 1980ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் இதை முதன்முதலாக ஒரு நோயாளிக்கு மாட்டினார். அதற்கு முன் கடுமையான நோய்க்கு வழி, கழுத்தில் துளை போடுவதுதான்.

ஆனால் எங்கள் தெருவிலேயே இரண்டு வீடுகளில் இந்தக் கருவி பரணில் இருக்கிறது. உள்ளதைச் சொல்லவேண்டும்: 2016ல் வெளியான ஓர் ஆய்வில், ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ கண்ட 2,700 பேருக்கு மேல் சேர்ந்தார்கள், இந்தியரும் உண்டு. கருவி மாட்டியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. பகல் தூக்கம் குறைந்தது, மனசு தேறியது. அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான் மாட்டியிருந்தார்கள். கருவி மந்திரக்கோல் அல்ல. மாட்டாத கருவி ஒன்றுமே அல்ல.

முகமூடி அழுத்தினால் வேறு அளவு கேளுங்கள். மூக்கு வறண்டால் ஈரப்பதத் தொட்டியை வையுங்கள். அதில் நம் பேட்டையின் உப்புத் தண்ணீர் வேண்டாம், காய்ச்சி வடித்த நீரை ஊற்றுங்கள். முதல் வாரம் பகலில் டி.வி. பார்க்கும்போது மாட்டிப் பழகுங்கள். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு சி.ஜி.எச்.எஸ். திட்டத்தில் முன்அனுமதியுடன் கருவிச் செலவை, உச்சவரம்புக்குள், திரும்பப் பெற வழியுண்டு. குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன்: பரிசோதனை அறிக்கை, டாக்டர் சீட்டு, ரசீது எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துவைத்துக்கொண்டு மனுப் போடுங்கள்.

மனைவியோ கணவரோ "ராத்திரி உங்களுக்கு மூச்சு நின்று நின்று வருகிறது" என்று சொன்னால் கோபப்பட வேண்டாம். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போய், அவரையே சொல்லச் சொல்லுங்கள்.