எண்ணிட்டு வாக்களிக்கும் உரிமை

குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் நாடாளுமன்ற உறுப்பினர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் வாக்குச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை. தேர்தல் ஆணையம் தரும் ஊதா மைப் பேனாவால் வேட்பாளர் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என விருப்ப வரிசையை எழுதுகின்றனர். அவர்களைத் தேர்ந்தெடுத்த குடிமக்களோ வாக்குப்பதிவு இயந்திரத்தில் ஒரே ஒரு பொத்தானை மட்டுமே அழுத்த முடியும். தமக்குத் தகும் என ஏற்ற முறையைச் சட்டமியற்றுவோர் மக்களுக்கும் வழங்க வேண்டும்.

மக்களவைத் தேர்தலில் மற்ற ஒவ்வொருவரையும் விட ஒரு வாக்கேனும் கூடுதலாகப் பெற்றவர் வெற்றியாளர் ஆவார். பாதிக்கு மேற்பட்டோரின் ஆதரவு அவருக்குத் தேவையில்லை. இதிலுள்ள குறையை ஒரு வகுப்பறைக் கணக்கால் அறியலாம். சுற்றுலா செல்லும் இடத்தை 40 மாணவர்கள் முடிவு செய்வதாகக் கொள்வோம். கேளிக்கைப் பூங்காவுக்கு 16 பேரும், அருங்காட்சியகத்துக்கு 13 பேரும், கோளரங்கத்துக்கு 11 பேரும் வாக்களிக்கின்றனர். இன்றைய முறைப்படி பூங்காவே வெல்லும். 24 பேர் வேறிடம் விரும்பியது பயனற்றுப் போகும். விருப்ப வரிசை முறையில் கடைசியிலுள்ள கோளரங்கம் நீக்கப்பட்டு, அந்த 11 சீட்டுகளில் உள்ள இரண்டாம் விருப்பம் பார்க்கப்படும். அவற்றுள் 9 அருங்காட்சியகத்துக்கும் 2 பூங்காவுக்கும் சென்றால், அருங்காட்சியகம் 22, பூங்கா 18 என முடிவு மாறும். எவருக்கும் இரண்டு வாக்குகள் கிடைக்கவில்லை. ஒரே வாக்குதான் இடம் மாறியது.

இது வெறும் கணக்கன்று. 1918ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சுவான் தொகுதி இடைத்தேர்தலில், ஒரே சார்புடைய வாக்குகள் இரு வேட்பாளர்களிடையே பிரிந்தன. சுமார் 34 விழுக்காடு வாக்குப் பெற்ற மற்றொரு வேட்பாளர் வென்றார். அந்நாட்டு நாடாளுமன்றம் அவ்வாண்டிலேயே விருப்ப வரிசை முறையைச் சட்டமாக்கியது. நூறாண்டு கடந்தும் அது தொடர்கிறது.

இந்தியாவிலும் இம்முறை சோதனைக்குள்ளாகியுள்ளது. 1969இல் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட வி. வி. கிரிக்கு முதல் விருப்பத்தில் 4,01,515 வாக்கு மதிப்பே கிடைத்தது, தேவையோ 4,18,169. பிற வேட்பாளர்களின் சீட்டுகள் மாற்றி எண்ணப்பட்ட பின் 4,20,077 பெற்று அவர் வென்றார். சஞ்சீவ ரெட்டி பெற்றது 4,05,427.

எழுத்தறியா வாக்காளர் குழம்புவர் என்று சிலர் மறுப்பர். 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்குப் பதினெட்டுப் பேரே எழுத்தறிந்திருந்தனர். அக்காலத்திலேயே சின்னம் பார்த்து வாக்களித்த மக்களைக் குறைத்து மதிப்பிடுவது முறையன்று. வாக்கு எண்ணும் வேலை கூடும் என்பதும், இயந்திரங்களை மாற்றியமைக்க வேண்டும் என்பதும் உண்மையே. கட்சிகள் பெறும் வாக்கு விழுக்காட்டுக்கு ஏற்ப இடங்களைப் பிரித்துத் தரவும் இம்முறையால் இயலாது. அது வேறு சிக்கல். எனினும், பிடித்த வேட்பாளருக்கு வாக்களித்தால் பிடிக்காதவர் வென்றுவிடுவாரோ என்னும் அச்சம் பெரிதும் குறையும்.

அரசியலமைப்பின் 327ஆம் உறுப்பு, தேர்தல் தொடர்பான சட்டங்களை இயற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கு அளித்துள்ளது. நாடு முழுவதும் ஒரே நாளில் மாற்றத் தயக்கம் இருப்பின், உள்ளாட்சித் தேர்தல்களில் தொடங்கலாம். அவற்றுக்குச் சட்டம் வகுப்பவை மாநிலச் சட்டமன்றங்களே; ஏதேனும் ஒரு மாநிலம் தன் நகராட்சி வார்டுகளில் அடுத்த தேர்தலை இம்முறையில் நடத்திப் பார்க்கலாம்.