தட்டிப் பார்த்தால் தெரிவதும் தெரியாததும்

மனசு சொல்வதைக் கேட்பதா, மூளை சொல்வதைக் கேட்பதா என்பது பட்டிமன்றத்துக்குத் தோதான தலைப்பு. இரண்டு அணிக்கும் கைதட்டல் கிடைக்கும். கடைசியில் நடுவர் இரண்டும் வேண்டும் என்று சொல்லி எல்லோரையும் சாப்பிட அனுப்பிவிடுவார். எந்தக் காரியத்தில் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

தேங்காய் வாங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். பழகிய கை காயைத் தூக்கி எடை பார்க்கிறது, காதருகே கொண்டுபோய் ஆட்டுகிறது, விரலை மடக்கித் தட்டுகிறது. அவ்வளவுதான். ஒன்று பைக்குள் போகிறது, இன்னொன்று குவியலுக்கே திரும்புகிறது. அது ஏன் வேண்டாம் என்று கேட்டால், "என்னவோ சரியாப் படல" என்பார்கள். இதை உள்ளுணர்வு என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அதன் பின்னால் இருப்பது பல வருடச் சமையல். வாங்கிய காயை இன்றோ நாளையோ உடைத்தாக வேண்டும். அழுகலா, இளசா என்பது அடுப்படியிலேயே தெரிந்துவிடும். தப்பாகத் தேர்ந்தெடுத்ததற்குத் தண்டனை சட்னியிலேயே கிடைத்துவிடும். இப்படித் திரும்பத் திரும்பத் திருத்தப்பட்ட காது, காரணம் சொல்லத் தெரியாமலே சரியாகச் சொல்லும். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிற விரலுக்கும், வாசனையை வைத்தே குழம்பில் உப்பு குறைவு என்கிற மூக்குக்கும் இதே கதைதான்.

அமெரிக்க உளவியலாளர் கேரி க்ளைன் 1980களில் தீயணைப்பு அதிகாரிகளிடம் போய், நெருப்புக்கு நடுவே எப்படி முடிவெடுக்கிறீர்கள் என்று விசாரித்தார். அவர் எழுதிவைத்த சம்பவங்களில் ஒன்று பிரபலமானது. மாடியில்லாத வீடு, சமையலறையில் தீ. அதிகாரி ஆட்களோடு உள்ளே போய்த் தண்ணீரைப் பீய்ச்சுகிறார். தீ அடங்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற தீக்கு அவ்வளவு சூடு இருக்கக் கூடாது. அவ்வளவு சூட்டுக்கு இத்தனை அமைதியும் இருக்கக் கூடாது. ஏதோ தப்பு என்று மட்டும் அவருக்குப் படுகிறது. எல்லோரையும் வெளியே போகச் சொல்கிறார். அவர்கள் வெளியேறிய உடனே, நின்றிருந்த தரை இடிந்து உள்ளே விழுகிறது. தீ உண்மையில் கீழே நிலவறையில் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. தனக்கு ஏதோ அதீத சக்தி இருப்பதாகவே அந்த மனிதர் நம்பினாராம். க்ளைன் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளிவந்தது. அவர் அணைத்துப் பழகிய தீ எதனோடும் இந்தத் தீ ஒத்துப்போகவில்லை.

க்ளைன் உள்ளுணர்வின் பக்கம் என்றால், டேனியல் கானமன் எதிர்ப்பக்கம். மனித மனம் எப்படியெல்லாம் தப்புக் கணக்குப் போடும் என்று ஆராய்ந்தே 2002இல் பொருளாதார நோபல் வாங்கியவர். இருவரும் பல வருடங்கள் விவாதித்துவிட்டு, 2009இல் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தோன்றுவதை நம்ப இரண்டு நிபந்தனைகள் என்றார்கள். அந்தத் துறையில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். செய்தது சரியா தப்பா என்று அடிக்கடி தெரிந்து, அதிலிருந்து கற்றுக்கொள்ள வாய்ப்பும் இருக்க வேண்டும். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள். ஒருவருக்குத் தன் முடிவில் எவ்வளவு உறுதி இருக்கிறது என்பது, அந்த முடிவு சரி என்பதற்குச் சாட்சி ஆகாது.

இந்த அளவுகோலை நம் வீட்டுப் பெரிய முடிவுகளுக்கு வைத்துப் பாருங்கள், வயிற்றைக் கலக்கும். மனை வாங்குவது நம்மில் பலருக்கு வாழ்நாளில் ஒரு தடவை. அது தப்பு என்று தெரியவரும்போது நாம் கோர்ட்டு வாசலில் நிற்போம். ஏலச்சீட்டு சேர்வதும் அப்படித்தான். சீட்டு நடத்துகிறவர் பதிவு செய்ய வேண்டும் என்று 1982இலேயே சட்டம் வந்துவிட்டது. பதிவு இருக்கிறதா என்று கேட்காமல், "ஆளைப் பார்த்தா நல்ல மனுஷனாத் தெரியுது" என்று பணத்தைக் கட்டுகிறோம். ஏமாற்றுகிறவனுக்கு நல்ல மனுஷனாகத் தெரிவதுதானே தொழில்! பஜ்ஜி ஆறுவதற்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் முடிவாகிற கூத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதற்குத் தனிப் பத்தி வேண்டும்.

அப்படியானால் சாதக பாதகம் எழுதிப் பட்டியல் போட்டால் போதுமா? டார்வின் போட்டார். 1838இல், கல்யாணம் செய்துகொள்வதா வேண்டாமா என்று தாளில் இரண்டு பத்தியாக எழுதினார். நேரம் வீணாகும், புத்தகம் வாங்கப் பணம் இருக்காது, சொந்தக்காரர்களைப் போய்ப் பார்க்க வேண்டிவரும் என்று ஒரு பக்கம். குழந்தைகள், முதுமையில் துணை, எப்படியும் நாய் வளர்ப்பதைவிட மேல் என்று மறுபக்கம். முடிவு கல்யாணம்தான்; 1839 ஜனவரியில் எம்மாவை மணந்துகொண்டார். அந்தப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம், சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்து, நினைத்த பூ வரும்வரை "இன்னொரு தடவை பார்ப்போம்" என்கிறவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். மனசு முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் பட்டியல் அதற்குக் கணக்கெழுதும் வேலையைத்தான் செய்யும்.

இதற்கு ஒரு வழியைக் கானமன் தன் இருபத்தொன்றாவது வயதில், 1955இல், இஸ்ரேல் ராணுவத்தில் இருந்தபோதே கண்டுபிடித்திருந்தார். புதிதாகச் சேர்கிறவர்களை அங்கே கொஞ்ச நேரம் பேசவைத்து, ஆள் எப்படி என்று ஒட்டுமொத்தமாக ஒரு கருத்து எழுதுவார்கள். அந்தக் கருத்தால் பெரிய பிரயோஜனம் இருக்கவில்லை. கானமன் அதை மாற்றினார். ஆறு குணங்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உண்மைத் தகவலைக் கேட்டு, தனித்தனியாக மதிப்பெண் போடச் சொன்னார். எங்களை எந்திரமாக்கிவிட்டீர்களே என்று பேட்டி எடுப்பவர்கள் முணுமுணுத்தார்கள். சரி, ஆறையும் போட்டு முடித்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு, இவன் எப்படிப்பட்ட சிப்பாயாக வருவான் என்று தோன்றுவதற்கும் ஒரு மதிப்பெண் போடுங்கள் என்றார். சில மாதங்கள் கழித்துப் பார்த்தால், ஆறு மதிப்பெண்களின் கூட்டுத்தொகை பழைய முறையைவிட நன்றாகவே கணித்திருந்தது. கண்ணை மூடிப் போட்ட மதிப்பெண்ணும் அதே அளவுக்குக் கணித்திருந்தது. முன்பு எதற்கும் உதவாத உள்ளுணர்வு, ஆறு கேள்விக்குப் பிறகு கேட்டபோது உதவியது.

ஆகவே மனை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இடத்தைப் பார்த்ததும் "இதுதான் நம்ம வீடு" என்று மனசு துள்ளும். துள்ளட்டும், பையில் இருக்கும் பணத்தை மட்டும் எடுக்காதீர்கள். தாய்ப்பத்திரம் இருக்கிறதா, பட்டா யார் பேரில் இருக்கிறது, மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா, பாதை பொதுவா தனியாரா, ஐப்பசி மழையில் தண்ணீர் நிற்குமா என்று ஒவ்வொன்றாக எழுதிப் பாருங்கள். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். எல்லாம் தேறிய பிறகும் மனசில் ஏதோ உறுத்தினால், அந்த உறுத்தலை மதியுங்கள், அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.